சக்கரம் தராசாகாது

அமெரிக்க நாட்டின் அரசியலைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் நெடுங்காலமாக ஒரே பல்லவியைப் பாடி வருகின்றனர். இன்று இவர் ஆள்வார், நாளை அவர் ஆள்வார். ஊஞ்சல் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்தே தீரும். இதில் கவலை எதற்கு என்பதே அப்பல்லவி. அந்நாட்டு அறிஞர் பலர் இதனை ஆறுதலாகக் கூறுகின்றனர். நம்மவருள் சிலரோ இதனையே வேறு இராகத்தில் பாடுகின்றனர். திருக்குர்ஆனின் ஆல இம்ரான் அத்தியாயத்தில், நாள்கள் மக்களிடையே சுழற்றப்படுவதாக வரும் வசனத்தை எடுத்துக்கொண்டு, இப்னு கல்தூனையும் துணைக்கழைத்து, அமெரிக்காவின் நாள் முடிந்தது என்று தீர்ப்பே வழங்கிவிடுகின்றனர். அங்கே இரு கட்சியினரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் செய்திகளைச் சுவைத்துச் சுவைத்துப் பேசுகின்றனர்.

முன்னவர் ஆறுதல் தேடுகின்றனர். பின்னவர் ஆனந்தம் தேடுகின்றனர். இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. ஒரு பொருள் சுழல்வதைக் கண்டு, அது நிறுக்கிறது என்று எண்ணிவிட்டனர். சக்கரம் வேறு, தராசு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் கேடு சிறிதன்று. அதனை எடுத்துரைக்கவே நாம் எழுதுகிறோம்.

சொல்லும் சூழலும்

அரபு மொழியில் அரசைக் குறிக்கும் 'தவ்லத்' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். நம் வீடுகளில் அது 'தௌலத்' என வழங்கி, செல்வத்தையும் சீரையும் குறிக்கும். தால், வாவ், லாம் என்னும் மூன்றெழுத்து அதன் வேர். முறை மாறுதல், கை மாறுதல் என்பன அவ்வேரின் பொருள். மேற்சொன்ன வசனத்தில் சுழற்றுதலைக் குறிக்க வரும் வினையும் இவ்வேரில் பிறந்ததே. ஆட்சி என்பது கைமாறும் பொருள் என்று மொழியே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே, ஆட்சி மாறுவதில் அதிசயமும் இல்லை; அதனைக் கண்டுபிடித்துச் சொல்வதில் புலமையும் இல்லை.

இனி, அவ்வசனத்தின் சூழலைக் காண்போம். ஹிஜ்ரீ 2-இல் பத்ருப் போரில் முஸ்லிம்கள் வென்றனர். ஹிஜ்ரீ 3-இல் உஹதுப் போரில் ஏறத்தாழ எழுபது பேரை இழந்தனர். அன்று இஸ்லாத்தை ஏற்றிராத, பின்னாளில் ஏற்றுச் சிறந்த அபூ ஸுஃப்யான், போர் ஓய்ந்ததும் உரக்கக் கூவினார். இந்நாள் பத்ருடைய நாளுக்கு ஈடு என்றார்; போர் என்பது 'ஸிஜால்' என்றார். 'ஸஜ்ல்' என்பது கிணற்று வாளி. ஒருவர் இறைத்து முடித்ததும் வாளி மற்றவர் கைக்குப் போவதுபோல, வெற்றியும் முறைவைத்து வரும் என்பது அவர் கருத்து. வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் வழியாக வரும் செய்தியின்படி, உமர் (ரலி) அவர்கள் அதற்கு மறுமொழி கொடுத்தார்கள். இரண்டும் ஈடல்ல என்பதே அம்மறுமொழியின் சாரம்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. முறைக்கு முறை, நாளுக்கு நாள் என்பது அன்றைய அபூ ஸுஃப்யானின் வாதம். இறைவசனம் சுழற்சியை மறுக்கவில்லை. ஆனால், அச்சுழற்சியிலிருந்து அவர் எடுத்த முடிவை மறுக்கிறது. சுழற்சி ஒரு சோதனை என்கிறது. யார் உறுதியாக நிற்கிறார் என்பது அதனால் வெளிப்படும் என்கிறது. அநியாயக்காரரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்று கூறியே அவ்வசனம் முடிகிறது. முற்பாதியை மேடைதோறும் ஓதுவோர் இப்பிற்பாதியை ஏன் விழுங்கிவிடுகின்றனர்? நாள் யாருடையது என்பது சக்கரத்தின் கேள்வி. அந்நாளில் அநியாயம் செய்தவர் யார் என்பது தராசின் கேள்வி.

அமெரிக்கக் கிணறு

அமெரிக்கரின் முன்னோர் இதனை அறியாதவரல்லர். அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், 1796-இல் தம் மக்களுக்கு எழுதிய விடைபெறும் மடலில் கட்சி வெறியைக் கடுமையாக எச்சரித்தார். ஒரு கட்சி மாறி மற்றொரு கட்சி ஆதிக்கம் செலுத்துவதும், ஒவ்வொன்றும் முன்னதைப் பழிவாங்குவதும் ஒரு கொடுங்கோன்மையே என்பது அவர் கருத்து. இன்று ஊஞ்சலைக் காட்டி ஆறுதல் சொல்வோர், எதனை மருந்து என்கின்றனரோ, அதனையே வாஷிங்டன் நோய் என்றார்.

பிற்காலத்தில் இச்சுழற்சிக்கு ஒரு தத்துவமே பிறந்தது. வரலாற்றறிஞர் ஆர்தர் ஷ்லெஸிங்கர் 1986-இல் வெளியிட்ட நூலில், பொதுநலத்தை நாடும் காலமும் தனிநலத்தை நாடும் காலமும் ஏறத்தாழ முப்பதாண்டுச் சுற்றில் மாறி மாறி வருகின்றன என்று வாதிட்டார். நூல் புகழ் பெற்றது. வரலாறு அவ்வளவு கீழ்ப்படியவில்லை. 1955 முதல் 1995 வரை நாற்பது ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை ஒரே கட்சியின் கையில், ஜனநாயகக் கட்சியின் கையில், இருந்தது. பின்னர் 1994, 2006, 2010, 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களில் அது ஐந்து முறை கைமாறியது. ஜனாதிபதிப் பதவியோ 2016, 2020, 2024 என அடுத்தடுத்து மூன்று தேர்தல்களிலும் கட்சி மாறியது. இத்தகைய தொடர் மாற்றத்தை அந்நாடு இதற்குமுன் கண்டது 1884 முதல் 1896 வரையிலான காலத்தில்தான்.

வாளி இவ்வளவு விரைவாகக் கைமாறுவதற்குக் காரணம் உண்டு. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டாண்டுக்கொரு முறை தேர்தல். செனட் சபையில் மூன்றில் ஒரு பங்கினர் அப்போதே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இரு கட்சிகளின் பலமும் ஏறத்தாழச் சமம். 2022 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 222, ஜனநாயகக் கட்சிக்கு 213. 2024-இல் முறையே 220, 215. இந்நிலையில் தோற்றவருக்கு ஒத்துழைக்க என்ன தேவை? இரண்டாண்டு பொறுத்தால் ஆட்சி தம் கைக்கே வரும். பிரான்ஸிஸ் லீ என்னும் அரசியல் அறிஞர் 2016-இல் வெளியிட்ட நூலில் இதனைத்தான் விளக்கினார். பெரும்பான்மை உறுதியற்றதாக இருக்கும்போது, கட்சிகள் சட்டம் இயற்றுவதை விட்டு, எதிரியை மக்கள்முன் இழிவாகக் காட்டுவதிலேயே முயற்சியைச் செலவிடுகின்றன என்றார். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல, வேலை குறைந்து வசை பெருகுகிறது என்பது இதன் பொருள்.

இச்சுழற்சியால் வெளியுலகம் படும் பாட்டுக்கு ஒரு சான்று போதும். வெளிநாடுகளில் கருக்கலைப்புத் தொடர்பான பணிகளில் ஈடுபடும் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க உதவியை மறுக்கும் விதியை 1984-இல் ரீகன் அரசு வகுத்தது. 1993-இல் கிளிண்டன் நீக்கினார். 2001-இல் புஷ் மீட்டார். 2009-இல் ஒபாமா நீக்கினார். 2017-இல் டிரம்ப் மீட்டார். 2021-இல் பைடன் நீக்கினார். 2025-இல் டிரம்ப் மீண்டும் கொணர்ந்தார். கருக்கலைப்பைப் பற்றி மார்க்கத்தின் தீர்ப்பு வேறு விவாதம். அதனுள் நாம் புகவில்லை. நாம் கேட்பது இதுதான். ஏழு முறை போட்டும் எடுத்தும் விளையாடப்பட்ட இவ்விதியைப் பற்றி, எந்த ஏழை நாட்டின் எந்தப் பிரசவ விடுதி, அடுத்த நான்காண்டுக்குத் திட்டம் வகுக்க இயலும்? பென்ஸில்வேனியாவில் விழும் சில ஆயிரம் வாக்குகளுக்காக, வாக்கே இல்லாதவர் கதவுகள் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன.

வசைக் களம்

ஏசிக்கொள்வது அந்நாட்டுக்குப் புதிதன்று. கழுதையும் யானையும் கட்சிகளின் சின்னங்களாக ஊன்றியதே கேலிச் சித்திரத்தால்தான். தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் 1870-இல் கழுதையையும் 1874-இல் யானையையும் வரைந்தார். 1884 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிளீவ்லாண்டுக்கு முறைதவறிப் பிறந்த குழந்தை ஒன்று உண்டு என்பதை எதிரணியினர் தெருப்பாட்டாக்கினர். குடியரசுக் கட்சியின் பிளெய்ன் இரயில் கம்பெனியாரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை இவ்வணியினர் தெருப்பாட்டாக்கினர். நியூயார்க்கில் கிடைத்த ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வேறுபாட்டால் கிளீவ்லாண்ட் வென்றார்.

அந்நாளைய வசை, தேர்தல் முடிந்ததும் ஓரளவு அடங்கியது. இந்நாளையது ஒரு தொழிலாகிவிட்டது. 1984-இல் நியூட் கிங்ரிச் முதலிய குடியரசுக் கட்சியினர், பிரதிநிதிகள் சபையின் அலுவல் முடிந்தபின் எழுந்து நின்று, எதிர்க்கட்சியினரை விளித்து விளித்துக் குற்றஞ்சாட்டினர். தொலைக்காட்சியில் அதனைக் கண்டவர், எதிரிகள் வாயடைத்து அமர்ந்திருப்பதாக எண்ணினர். அவ்வாண்டு மே மாதத்தில் சபாநாயகர் டிப் ஓநீல் காமிராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மன்றம் வெறுமையாக இருந்தது! கேட்பாரற்ற மண்டபத்தில், கேட்பாரற்றது என்பதை மறைத்து ஆற்றிய அவ்வுரைகள் கிங்ரிச்சுக்கு இழுக்கைத் தேடித் தரவில்லை. புகழையே தேடித் தந்தன. 1995-இல் அவரே சபாநாயகர் ஆனார்.

1990-இல் அவருடைய அமைப்பு தன் கட்சி வேட்பாளருக்கு ஒரு சொற்பட்டியலை அனுப்பியது. தம்மைக் குறிக்க நல்ல சொற்கள் ஒரு பக்கம். எதிரியைக் குறிக்கத் துரோகி, நோய், அழிவு, பொய் என்னும் பொருளுடைய சொற்கள் மறுபக்கம். நம் புலவர் நிகண்டு செய்தனர். ஒரு பொருளுக்குப் பல சொல்லும், ஒரு சொல்லுக்குப் பல பொருளும் திரட்டித் தந்தனர். அங்கோ, சிந்திக்காமல் ஏசுவதற்கு ஒரு நிகண்டு செய்தனர். 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ், எம்.எஸ்.என்.பி.சி. என்னும் இரு தொலைக்காட்சி நிலையங்கள் தோன்றின. காலப்போக்கில் முன்னது ஓரணிக்கும் பின்னது மற்றோரணிக்கும் இரவுதோறும் வசைக் கச்சேரி நடத்தலாயின.

இதன் முடிவு எங்கே போய் நின்றது? 2024 அக்டோபரில் டிரம்பின் கூட்டத்தில் ஒரு நகைச்சுவையாளர், போர்ட்டோ ரிக்கோத் தீவைக் குப்பை மிதக்கும் தீவு என்றார். இரு நாள் கழித்து ஜனாதிபதி பைடன் மறுமொழி கூறுகையில் 'குப்பை' என்னும் சொல்லையே ஆண்டார். அவர் குறித்தது அந்நகைச்சுவையாளரையா, டிரம்பின் ஆதரவாளர் அனைவரையுமா என்பது பெரு வழக்காயிற்று. எழுதுகையில் இடும் ஒரு சிறு குறி சொல்லின் இறுதி எழுத்துக்கு முன் வருமா, பின் வருமா என்று ஒரு வல்லரசு வாதிட்டது. மறுநாள் டிரம்ப் குப்பை வண்டியில் ஏறி அமர்ந்து படம் பிடித்துக்கொண்டார். இலக்கண ஆசிரியருக்கு இது சுவையான வழக்குதான். ஆனால், அந்த வாரம் முழுவதும் அத்தீவு மக்களின் வாழ்வைப் பற்றி எவர் பேசினார்?

அரபு இலக்கியம் பயின்றோருக்கு இக்காட்சி பழக்கமானது. உமையாக்கள் காலத்தில், பஸராவின் மிர்பத் சந்தையில், ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஏறத்தாழ நாற்பதாண்டு வசைக்கவி பாடி மோதினர். ஒருவர் பாடிய சந்தத்திலும் எதுகையிலுமே மற்றவர் திருப்பிப் பாடவேண்டும். 'நகாயிள்' என்று அவற்றுக்குப் பெயர். சந்தைக்கு வந்தவர் அணி பிரிந்து ஆர்ப்பரித்தனர். இவ்விருவரும் ஒரே தமீம் குலத்தவர் என்பதும், ஹிஜ்ரீ 110 அளவில் ஃபரஸ்தக் மறைந்தபோது ஜரீர் அவருக்கு இரங்கற்பா பாடினார் என்பதும் பலர் கருதாதவை. எதிரியின் வசையே தம் கவிதைக்கு உணவு என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்! புலவர் இருவரும் பொருளும் புகழும் பெற்றனர். சந்தையில் ஆர்ப்பரித்தவர் என்ன பெற்றனர்?

ஜரீரின் வசை, கவிதையாகவாவது எஞ்சியது. அமெரிக்க வசை குடும்பத்துக்குள் புகுந்துவிட்டது. தம் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் மணம் செய்தால் வருந்துவீரா என்று 1960-இல் கேட்டபோது, இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐவர் அளவினரே ஆம் என்றனர். 2010-இல் இதையொத்த கேள்விக்குக் குடியரசுக் கட்சியினருள் ஏறத்தாழப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினருள் மூன்றில் ஒரு பங்கினரும் ஆம் என்றனர். விளையாட்டுப் பேச்சால் என்ன கேடு என்று கேட்போர் இதற்கு விடை சொல்லட்டும். ஹுஜுராத் அத்தியாயம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுவதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் தடுத்தது வெறும் நாகரிகத்துக்காக அன்று. எள்ளப்பட்டவர் எள்ளியவரினும் மேலானவராக இருத்தல் கூடும் என்னும் காரணத்தையும் அது தருகிறது. எள்ளும் வாய், எதிரியிடம் உள்ள உண்மையைக் கேட்கும் செவியை அடைத்துவிடுகிறது.

தராசு உடைந்த இடங்கள்

வசையினும் பெரிய கேடு ஒன்று உண்டு. செயலை நிறுக்காமல், செய்தவரின் கட்சியை நிறுக்கும் பழக்கம் அது.

2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா மறைந்தார். ஒபாமா ஒருவரை நியமித்தார். தேர்தலுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் இருக்கையில், தேர்தல் ஆண்டில் மக்களே முடிவு செய்யட்டும் என்று குடியரசுக் கட்சியின் செனட் சபை விசாரணைக்கே மறுத்தது. 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் மறைந்தார். தேர்தலுக்கு எட்டு நாள் முன்னர், அதே கட்சி தன் நியமனத்தை 52-க்கு 48 என்னும் வாக்கில் நிறைவேற்றிக்கொண்டது. மறுபக்கமும் தூயதன்று. நீதிபதி நியமனங்களைச் சிறுபான்மைக் கட்சி தடுத்து நிறுத்தும் உரிமையைத் தாம் சிறுபான்மையாக இருந்தபோது புனிதம் என்ற ஜனநாயகக் கட்சியினர், 2013-இல் பெரும்பான்மை கையிலிருந்தபோது கீழ் நீதிமன்றங்களைப் பொறுத்தவரை அதனை ஒழித்தனர். 2017-இல் குடியரசுக் கட்சியினர் உச்சநீதிமன்றத்துக்கும் அதனை ஒழித்தனர். முன்னவர் செய்தது பின்னவருக்குச் சான்றாயிற்று, எவருக்கும் படிப்பினையாகவில்லை.

கடனைப் பாருங்கள். 2006-இல் செனட்டராக இருந்த ஒபாமா, கடன் வரம்பை உயர்த்தும் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். 2011-இல் ஜனாதிபதியாக அதே உயர்வைக் கேட்டு நின்றார். அப்போது குடியரசுக் கட்சியினர் கடனே நாட்டின் அழிவு என்று முழங்கினர். அவர்களே 2025-இல் ஒரே சட்டத்தில் வரம்பை 5 இலட்சம் கோடி டாலர் உயர்த்தினர். 2001 ஜனவரியில் ஏறத்தாழ 5.7 இலட்சம் கோடி டாலராக இருந்த கடன், 2025 ஜனவரியில் 36 இலட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. வாளி பல முறை கைமாறியது. கடன் மட்டும் கட்சி மாறவில்லை.

போரைப் பாருங்கள். ஈராக் போரை எதிர்த்து 2003-இல் அமெரிக்க வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். ஒபாமா வென்றபின் அக்கூட்டம் கரைந்தது. ஆப்கானிஸ்தானுக்கு மேலும் படைகள் போயின, ஆளில்லா விமானத் தாக்குதல்கள் பெருகின, வீதி வெறிச்சோடியிருந்தது. ஹீனி, ரோஜாஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 2015-இல் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை ஆராய்ந்து, ஜனநாயகக் கட்சியினர் தம் கட்சி ஆட்சிக்கு வந்ததும் இயக்கத்தை விட்டு விலகியதைக் காட்டினர். அவர்கள் எதிர்த்தது போரையா, புஷ்ஷையா? குவாண்டனாமோ சிறை 2002-இல் திறக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மூடுமாறு 2009-இல் ஆணை பிறந்தது. ஆணையிட்டவர் எட்டாண்டு ஆண்டு முடித்துப் போனார், அவருக்குப்பின் இரு கட்சியிலிருந்தும் ஜனாதிபதியர் வந்தனர், சிறை மூடப்படவில்லை. சக்கரம் சுழன்றால் நீதி தானே வரும் என்போர், விசாரணையின்றி அங்கே முதுமை எய்தியவரிடம் போய் அதனைச் சொல்லட்டும்.

வாளியான சமுதாயம்

இதில் நமக்கு என்ன என்று கேட்போர், அமெரிக்க முஸ்லிம்களின் கதையைக் கேட்கவேண்டும். 2000 அக்டோபரில், இரகசியச் சான்றுகளைக் கொண்டு அரபியரை வதைப்பது தவறு என்று தேர்தல் விவாதத்தில் புஷ் பேசினார். முஸ்லிம் அமைப்புகளின் கூட்டவை அவரை ஆதரித்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப்பின் அவருடைய ஆட்சியே தேசபக்திச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதனை எதிர்த்து வாக்களித்த செனட்டர் ஒருவரே. ஜனநாயகக் கட்சியின் ஏனைய செனட்டருள் எவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. பின்னர் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சென்றனர். 2017-இல் டிரம்ப், முஸ்லிம்கள் மிகுந்த ஏழு நாட்டினர் நுழையத் தடை விதித்தார். 2021-இல் பைடன் நீக்கினார். ஆனால், 2023 அக்டோபருக்குப்பின் காஸா எரிந்துகொண்டிருக்கையில், பைடன் அரசு இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கட்சித் தேர்வில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எவருக்கும் இல்லை என்று வாக்களித்தனர். நவம்பரில், அரபியர் நிறைந்த டியர்பார்ன் நகரில் டிரம்பே முதலிடம் பெற்றார். 2025 ஜூனில் அவர் பன்னிரு நாட்டினர் நுழையத் தடை விதித்தார். அவற்றுள் பல முஸ்லிம் நாடுகள்.

அம்மக்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம். எரியும் வீட்டின் இரு வாயில்களிலும் தீ இருக்கையில், அவர்கள் ஒன்றைத் தள்ளி ஒன்றைத் தேர்ந்தனர். எனினும், படிப்பினையைக் கூறாதிருத்தல் நட்பாகாது. ஒரு கட்சியைத் தண்டிக்க மறு கட்சியைத் தூக்குவது வாளியை மாற்றுவதே. கிணற்று நீரை அது மாற்றாது. அந்த ஒரு இலட்சம் பேர், ஆட்சியில் இருந்த தம் கட்சியிடமே, கொலைக்கு ஆயுதம் தராதே என்று முகத்துக்கு நேரே கூறினரே, அதுதான் தராசைத் தூக்கிய செயல். அநியாயம் செய்யும் சகோதரனுக்கு எவ்வாறு உதவுவது என்று வினவப்பட்டபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி அதுவன்றோ?

மறுப்புரைகளுக்கு மறுமொழி

ஆட்சி மாறாத நாடுகளில் உள்ள கொடுமை இதனினும் பெரிதன்றோ என்பர். ஆம், பெரிதுதான். 1801-இல் தோற்ற ஆடம்ஸ் வாளேந்தாமல் இறங்கி, வென்ற ஜெபர்ஸனுக்கு இடங்கொடுத்தது உலக வரலாற்றில் அரிய செயல். அம்முறை எவ்வளவு மதிப்புடையது என்பதை, 2021 ஜனவரி 6-இல் தோல்வியை ஏற்காத கூட்டம் நாடாளுமன்றத்தை உடைத்துப் புகுந்தபோது அனைவரும் கண்டனர். சுழற்சியை நாம் பழிக்கவில்லை. சக்கரம் இல்லாமல் வண்டி ஓடாது. வண்டியில் உள்ள சரக்கை நிறுக்கும் வேலையையும் சக்கரமே செய்யும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

இரு கட்சியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்பர். இதுவும் உண்மையே. தராசு என்பது இரு தட்டும் சமம் என்று அறிவிக்கும் கருவியன்று. எது கனம் என்று காட்டும் கருவி. தம் மகனை மன்னிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு 2024 டிசம்பரில் பைடன் மன்னித்தது ஒரு பிழை. நாடாளுமன்றத்தைத் தாக்கிய வழக்குகளில் ஏறத்தாழ 1,500 பேருக்கு 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் மன்னிப்பு வழங்கியது வேறொரு பிழை. இவை ஒரே எடையுடையன அல்ல. அதனை எடை போட்டுச் சொல்வதே நீதம். ஆனால், அங்கே ஒவ்வோர் அணியும் மற்றவரின் பிழையைத் தன் பிழைக்குப் படிக்கல்லாகவே தூக்குகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்யவேண்டாம் என்னும் கருத்துடைய மாயிதா அத்தியாயத்தின் கட்டளை, பகை நியாயமானதாக இருக்கும்போதும் செல்லும்.

நகைச்சுவை மக்களின் மனப்புழுக்கத்தை ஆற்றுகிறது என்பர். ஆற்றலாம். ஆளும் கட்சியைச் சார்ந்தவர் தம் தலைவரையே நகைத்தால் அது மருந்து. எதிரியை மட்டும் நகைத்தால் அது மது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவரின்றியே கெடுவான் என்று வள்ளுவர் சொன்னது, எதிர்க்கட்சியின் ஏச்சை நினைத்தன்று. துணையாக இருந்து கண்டிப்பவரை நினைத்தே.

நம்மவருக்கு

இறுதியாக, அமெரிக்காவின் வீழ்ச்சியைக் கணக்கிட்டு மகிழும் நம் நண்பருக்கு ஒரு சொல். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், அரசுகளின் ஆயுள் பெரும்பாலும் மூன்று தலைமுறையைக் கடப்பதில்லை என்று எழுதியது உண்மை. அவரைச் சோதிடர் ஆக்கிவிடாதீர்கள். 1406-இல் மறைந்த அப்பேரறிஞர், அநியாயம் நாட்டின் செழிப்பை அழிக்கும் என்பதை விளக்கத் தனி அத்தியாயமே வகுத்தார். அவர் எண்ணியது நாள்களை மட்டுமல்ல, காரணங்களை. அவர் எடுத்துக்காட்டிய அரசுகளோ பெரும்பாலும் முஸ்லிம் அரசுகள். பிறர் வீழ்ச்சியைக் கண்டு களிக்க அவர் எழுதவில்லை. தம்மவர் வீழ்ந்ததன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார்.

ஹஷ்ர் அத்தியாயம், செல்வம் பணக்காரரிடையே மட்டும் கைமாறும் பொருளாகிவிடக் கூடாது என்று எச்சரிக்கும் இடத்திலும் 'தவ்லத்'தின் வேரே நிற்கிறது. ஓபன் சீக்ரெட்ஸ் என்னும் ஆய்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2024 அமெரிக்கத் தேர்தல்களின் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,590 கோடி டாலர். இவ்வளவு பணம் கொடுத்துச் சுழற்றப்படும் சக்கரம், பணம் கொடுத்தவரின் வாசலை விட்டு எவ்வளவு தூரம் உருளும்? இவ்வாறு கேட்கத் தெரிந்தவர், கழுதை வென்றாலும் யானை வென்றாலும் ஏமாறமாட்டார்.

ஆகவே, வாசக அன்பர்களே, அந்நாட்டிலிருந்து அடுத்த தேர்தல் செய்தி வரும்போது, யார் நாள் இது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். நேற்று இவர் எதிர்த்த எதனை இன்று செய்கிறார், நேற்று அவர் செய்த எதனை இன்று எதிர்க்கிறார், இருவர் ஆட்சியிலும் மாறாமல் நசுக்கப்படுபவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அமெரிக்காவைப் பற்றி இவ்வாறு கேட்டுப் பழகிய நாவு, தன் ஊரைப் பற்றியும் தன் ஜமாஅத்தைப் பற்றியும் கேட்கக் கூசாது. அக்கூச்சம் நீங்கும்வரை, பிறருடைய ஊஞ்சலைப் பார்த்து நகைக்கும் தகுதி நமக்கு இல்லை.